ஐத் ஸ்லானேயின் வித்து: தாரா குன்று கண்ணெதிரே இருந்தும் அரியணை ஏன் கைநழுவியது?

பதிவு 1 · ஆற்றுமணல்

எல்லோருக்கும் வணக்கம். சில மாதங்களாக ஒரே ஒரு குடும்பத்தைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். தனியாக உட்கார்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அது நிற்குமா என்று தெரிய நாலு பேரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் இந்த இழை.

குடும்பத்தின் பெயர் ஷீல் நைதோ ஸ்லானே. பழைய ஐரிஷ் மொழியில் 'ஷீல்' என்றால் விதை. ஐத் ஸ்லானே என்ற அரசனின் வித்து, அதாவது அவன் வழிவந்தவர்கள். ஆரம்ப இடைக்கால அயர்லாந்தில் கொடிகட்டிப் பறந்த ஈ நேல் பெருவம்சத்தின் ஒரு கிளை இது. ஈ நேல்களில் வடக்கே சில கிளைகள், தெற்கே சில கிளைகள். தெற்கில் பெரியவை இரண்டு. மேற்கே மிதே நாட்டில் கிளான் ஹொல்மான். கிழக்கே, கடலை ஒட்டிய பிரேகா நாட்டில் ஷீல் நைதோ ஸ்லானே.

பிரேகா என்பது இன்றைய மீத் மாவட்டத்தின் பெரும்பகுதி, டப்ளினின் வடபகுதி, லௌத்தின் தென்பகுதி எல்லாம் சேர்ந்தது. நடுவே பாய்ன் ஆறு ஓடுகிறது. அயர்லாந்திலேயே செழிப்பான மேய்ச்சல் நிலங்களில் ஒன்று. ஈ நேல் தலைமைக்கு அடையாளமான தாரா குன்றும் இவர்கள் நாட்டுக்குள்தான் இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 695 வரை தாராவின் அரசர்கள் எல்லோரும் இந்தக் குடும்பம்தான். அப்புறம் 722-இல் ஃபோகர்டாக், 724-இல் கினைத். 728-இல் கினைத் போரில் செத்ததோடு கதவு சாத்திக்கொண்டது. அடுத்தபடியாக இந்தக் குடும்பத்தில் ஒருவன் தாராவின் அரசன் ஆனது 944-இல். இடையில் 216 வருடம்!

மண் இருந்தது, மாடு இருந்தது, தாரா இருந்தது. ஏன் போயிற்று? என் பதில் ஒரே சொல்: பங்காளிச் சண்டை. வெளியாள் யாரும் இவர்களை வீழ்த்தவில்லை, தாங்களே தங்களை வெட்டிக்கொண்டார்கள். 675-இல் ஃபின்ஷ்னெக்டா தன் பங்காளி கென் ஃபேலாத்தைக் கொன்று அரியணை ஏறினான். 695-இல் அந்த ஃபின்ஷ்னெக்டாவை அவனுடைய பங்காளிகள் இருவர் சேர்ந்து கொன்றார்கள். 701-இல் இர்கலாக் தன் பங்காளி நீல் மாக் கெர்னைக்கைக் கொன்றான் ('மாக்' என்றால் மகன்). 724-இல் அந்த இர்கலாக்கின் மகன் கினைத், அந்த நீலின் மகன் ஃபோகர்டாக்கைக் கொன்றான். அப்பனை அப்பன் கொன்றான், மகனை மகன் கொன்றான். இதற்கு மேல் ஒரு குடும்பம் எப்படி நிற்கும்?

பெயர்களை ஏறக்குறைய பழைய உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள்.

பதிவு 2 · மழைக்காலம்

நான் இந்தப் பக்கத்துக்குப் புதியவள். அடிப்படைக் கேள்விகள்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். தாராவின் அரசன் என்றால் அயர்லாந்து முழுவதற்கும் அரசனா? மூத்த மகன் பட்டத்துக்கு வருவது அங்கே வழக்கமில்லையா? இத்தனை பங்காளிகள் எங்கிருந்து வருகிறார்கள்?

பதிவு 3 · சுவடிப்பிரியன்

அடிப்படைக் கேள்விதான் இங்கே முக்கியமான கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

அந்தக் காலத்து அயர்லாந்தில் ஒரே நாடு, ஒரே அரசன் என்ற ஏற்பாடு கிடையாது. 'தூவாத்' எனப்படும் சிறு குடிநாடுகள் ஏராளமாக இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஓர் அரசன். அவனுக்கு மேலே சில தூவாத்துகளின் தலைமை அரசன். அவனுக்கும் மேலே அரசர்களின் அரசன். கிபி 700 வாக்கில் எழுதப்பட்ட 'கிரீத் கப்லாக்' என்ற சட்ட நூல் ஒவ்வொருவருக்கும் மான விலை குறிக்கிறது. ஒருவரை அவமதித்தால் கட்ட வேண்டிய தொகை அது. தூவாத் அரசனுக்கு 7 குமல். குமல் என்ற சொல்லுக்கு முதலில் அடிமைப் பெண் என்று பொருள், பிறகு அதுவே பசுக் கணக்கில் ஓர் அளவாகிவிட்டது.

தாராவின் அரசன் ஈ நேல்களிடையே முதல்வன். நாடு முழுவதும் மதிப்பு உண்டு, ஆனால் நாடு முழுவதும் அவனுடைய அதிகாரி போய் வரி வாங்குவதில்லை. தாராவில் 7-ஆம் நூற்றாண்டில் யாரும் அரண்மனை கட்டி வாழவும் இல்லை. அது பழைய மண்மேடுகளும் கரைகளும் நிறைந்த புனிதக் குன்று. தாராவின் பழைய விருந்துச் சடங்கைக் கடைசியாக நடத்தியவன் ஐத் ஸ்லானேயின் அப்பா தியர்மித் மாக் கெர்வில், 560 வாக்கில். அதன் பிறகு தாராவின் அரசன் என்பது ஒரு பட்டம்தான். ஆனால் அந்தப் பட்டத்துக்காக உயிரைக் கொடுத்தார்கள்.

வாரிசு விஷயம். மூத்த மகன் என்ற முன்னுரிமை இல்லை. அரசன் ஒருவனின் மகன், பேரன், கொள்ளுப்பேரன் எவனும் உரிமை கோரலாம். ஆள்பலம் உள்ளவன் வெல்வான். அரசர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர், எல்லோருடைய பிள்ளைகளுக்கும் உரிமை உண்டு. ஆனால் ஒரு கிளை மூன்று நான்கு தலைமுறை அரியணை பார்க்காமல் போனால் போட்டியிலிருந்தே விழுந்துவிடும். ஆகையால் ஒவ்வொருவனுக்கும் அவசரம். தன் காலத்தில் வெல்லாவிட்டால் பேரன் காலத்தில் வெறும் நிலக்காரன்தான். தாயாதிகள் ஒருவரை ஒருவர் கொன்றது கெட்ட குணத்தால் மட்டுமல்ல, முறையே அவர்களை அந்த விளிம்பில் நிறுத்தியது.

பதிவு 4 · வடகாற்று

ஆற்றுமணல், பதிவு அருமை. ஆனால் முடிவோடு ஒத்துப்போக முடியவில்லை.

பங்காளிச் சண்டைதான் காரணம் என்றால் கிளான் ஹொல்மான் எப்படி ஜெயித்தார்கள்? அவர்கள் வீட்டில் ரத்தம் சிந்தவில்லையா? 765-இல் கார்ன் ஃபியாக்காக் போரில் டொன்காதும் முர்காதும் மோதினார்கள். இருவரும் ஓர் அரசனின் பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள். முர்காத் செத்தான், டொன்காத் பிறகு தாராவின் அரசனே ஆனான். அந்த டொன்காதின் பிள்ளைகள் கொன்கொவர், ஐலில் இருவரும் 803-இல் மோதினார்கள், ஐலில் செத்தான், கொன்கொவர் பின்னால் தாராவின் அரசன் ஆனான். உங்கள் ஆட்களாவது ஒன்றுவிட்ட உறவுக்குள் வெட்டிக்கொண்டார்கள். இவர்கள் அண்ணன் தம்பிகள். அப்படியும் வீழவில்லையே.

என் பார்வையில் காரணம் வெளியே இருக்கிறது. 734-இல் வடக்கேயிருந்து கெனேல் நோகன் குடும்பத்தின் ஐத் ஆலான் தாராவின் அரசன் ஆனான். 743-இல் அவனைக் கொன்று கிளான் ஹொல்மானின் டொம்னல் வந்தான். அதற்குப் பிறகு பட்டம் வடக்கே ஒரு முறை, மிதேயில் ஒரு முறை என்று கைமாறிக்கொண்டே போகிறது, பெரும்பாலும் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை. இரண்டு பெரிய வீடுகள் மாற்றி மாற்றி அனுபவிக்கும் ஏற்பாட்டில் மூன்றாவது வீட்டுக்கு இடம் ஏது? வடக்கே இருப்பவனுக்குத் தெற்கில் ஒரே ஒரு கூட்டாளி போதும். மிதே போதும் என்று முடிவாகிவிட்டது.

பதிவு 5 · ஆற்றுமணல்

நல்ல அடி. 765, 803 இரண்டையும் நான் எடைபோடவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு வேறுபாட்டைப் பாருங்கள். மிதேயில் சண்டை முடிந்ததும் ஒருவன் மிஞ்சுகிறான், அவன் கையில் மிதே முழுக்க இருக்கிறது. பிரேகாவில் சண்டை முடிவதே இல்லை. ஏனென்றால் தோற்ற கிளைக்குத் திரும்பிப் போக ஒரு கோட்டை இருக்கிறது. வடக்கே ஈ ஹொனைங் கிளைக்கு நௌத், பாய்ன் ஆற்றங்கரையில். தெற்கே ஈ ஹெர்னைக் கிளைக்கு லகோர், ஏரியின் நடுவே. இரண்டுக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர், பாய்ன் ஆறு எல்லை போல ஓடுகிறது. ஒருவனை வென்றாலும் அவன் வீட்டைத் துடைக்க முடியவில்லை. 701, 724-இல் செத்தவர்கள் லகோர் பக்கம், கொன்றவர்கள் நௌத் பக்கம். 850-இல் பாருங்கள், நௌத் பக்கத்தில் வேறொரு கினைத், கினைத் மாக் கொனைங், போய் லகோர் தீவைத் தரைமட்டமாக்குகிறான். 150 வருடம் கழித்தும் அதே பகை, அதே இரண்டு வீடு!

கொலைகளின் எண்ணிக்கை இல்லை, பிளவு ஆறாமல் நின்றதுதான் விஷயம். என் கருத்தை இப்படித் திருத்திக்கொள்கிறேன்.

பதிவு 6 · டப்ளின்வாசி

இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் இந்த வம்சத்தைப் பற்றி யாரும் தமிழில் பேசிப் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருக்கிறது. இரண்டு இடங்களுக்கும் போயிருக்கிறேன் என்பதால் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

நௌத் ஒரு வீடாகக் கட்டப்பட்டதல்ல. அது கிமு 3200 வாக்கில் எழுப்பப்பட்ட பெரிய கல்லறை மேடு. சுற்றிலும் செதுக்கு வேலை நிறைந்த பெருங்கற்கள். ஷீல் நைதோ ஸ்லானே அங்கே வந்தபோதே அதற்கு 3,800 வயது. அந்த மேட்டைச் சுற்றி அடியில் ஒரு அகழி, உச்சியைச் சுற்றி இன்னொரு அகழி வெட்டிக் கோட்டையாக மாற்றிக்கொண்டார்கள். 1962-இல் ஜார்ஜ் ஓகன் தோண்டத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அங்கேயே உழைத்துத்தான் இதெல்லாம் வெளியே வந்தது. இப்போது மேட்டின் மேலே ஏறிப் பார்க்க விடுகிறார்கள். அங்கே நின்றால் பாய்ன் சமவெளி காலடியில் விரிகிறது. தெற்கே தாரா இருக்கும் திசை வரை வெட்டவெளி. ஏன் இந்த இடத்தைப் பிடித்தார்கள் என்று அந்த நிமிடமே புரிந்துவிடும்.

லகோர் அதற்கு நேர்மாறு. டன்ஷாக்லின் ஊருக்குக் கிழக்கே, இன்று ஏரியே இல்லை, வற்றிப்போன தாழ்வான புல்வெளி. அங்கே இருந்தது கிரானோக், அதாவது ஏரிக்குள் மரக்கட்டை, கற்கள், சுள்ளி, எலும்பு எல்லாம் கொட்டி மேடாக்கிச் சுற்றிலும் மரவேலி அடித்துக் கட்டிய செயற்கைத் தீவு. 1839-இல் வாய்க்கால் வெட்டியவர்கள் எலும்புகளைக் கண்டார்கள். எருவுக்காக வண்டி வண்டியாக விற்றார்கள், 150 வண்டி எலும்பு என்பது அப்போதைய கணக்கு. கேள்விப்பட்டு ஜார்ஜ் பெட்ரியும் வில்லியம் வைல்டும் போய்ப் பார்த்தார்கள். எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் அப்பாதான் இந்த வைல்ட். கிரானோக் என்ற வகையை அறிஞர்கள் முதலில் அடையாளம் கண்டதே இங்கேதான். 1934 முதல் 1936 வரை ஹார்வர்ட் குழுவுடன் ஹென்கென் வந்து முறையாகத் தோண்டினார். ஆனால் அதற்குள் 100 வருடம் கை போட்டவர்கள் எவ்வளவு எடுத்துப் போயிருப்பார்களோ. நினைத்தால் வயிறு எரிகிறது.

பதிவு 7 · கல்தூண்

டப்ளின்வாசி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். லகோரில் கிடைத்தவற்றில் இரும்புக் கழுத்து வளையமும் சங்கிலியும் உண்டு. மனிதக் கழுத்துக்கு. அடிமைக்குப் பூட்டியது.

நாம் எல்லோரும் யார் அரியணையில் உட்கார்ந்தான் என்றே பேசுகிறோம். ஒரு குமல் என்றால் ஒரு பெண் என்று சுவடிப்பிரியன் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனார், எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. 850-இல் கினைத் லகோரைத் தரைமட்டமாக்கியதை ஆற்றுமணல் 'பகை' என்றார். அதே படையெடுப்பில் டிரெவெட் என்ற இடத்தில் ஒரு தேவாலயம் எரிக்கப்பட்டது. உள்ளே 70 பேர். அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பு என்ற பழைய ஐரிஷ் வரலாற்றுப் பதிவு அந்த எண்ணைச் சொல்கிறது, ஒருவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. தேவாலயத்துக்குள் போனால் யாரும் தொடமாட்டார்கள் என்று நம்பி ஓடியவர்கள் அவர்கள்.

684 கதையும் அப்படித்தான். வட இங்கிலாந்தில் இருந்த நார்தம்பிரியாவின் அரசன் எக்ஃப்ரித் அனுப்பிய படை கடல் தாண்டி வந்து பிரேகாவைச் சூறையாடியது. இங்கிலாந்துத் துறவி பீட் தன் சொந்த அரசனைக் கண்டித்து இதை எழுதுகிறார். எந்தத் தீங்கும் செய்யாத, ஆங்கிலேயருக்கு எப்போதும் நண்பர்களாக இருந்த மக்கள் மேல் இந்தப் படை போயிற்றே என்கிறார். அப்போது தாராவின் அரசன் ஃபின்ஷ்னெக்டா. பிடித்துப் போனவர்களை அவனால் மீட்க முடியவில்லை. 685-இல் எக்ஃப்ரித் வடக்கே, இன்றைய ஸ்காட்லாந்தில் இருந்த பிக்டு இனத்தாரிடம் செத்த பிறகு, அயோனா தீவு மடத்துத் தலைவர் அடொம்னான் நேரில் போய்க் கேட்டு 60 பேரைத் திரும்பக் கூட்டி வந்தார். அந்த 60 பேர் பிரேகா கடற்கரையில் இறங்கிய காட்சியை நினைத்துப் பார்க்கிறேன். இந்த வம்சத்தின் கதையில் நான் மனதில் வைத்திருப்பது அந்த ஒரு நாளைத்தான்.

பதிவு 8 · சுவடிப்பிரியன்

கல்தூண், நீங்கள் சொன்னது சரி. அந்த வரியை அப்படிக் கடந்திருக்கக் கூடாது.

அடொம்னான் பெயர் வந்ததால் இன்னொன்று. அவர் 700 வாக்கில் எழுதிய புனித கொலும்பாவின் வரலாற்றில் ஐத் ஸ்லானே வருகிறான். கொலும்பா அவனை எச்சரிக்கிறார்: உறவினனைக் கொல்லும் பாவத்தில் விழாதே, விழுந்தால் உன் தகப்பன் ஆண்டதில் ஒரு பகுதி மட்டும் கொஞ்ச காலம் உனக்கு மிஞ்சும். ஐத் கேட்கவில்லை. 600-இல் தன் சகோதரன் மகன் சுயிப்னேயைக் கொன்றான். அதற்குப் பிறகு அவனுக்குக் கிடைத்தது நாலு வருடம் மூன்று மாதம் என்கிறது அந்த நூல். 604-இல் சுயிப்னேயின் மகன் கொனல் அவனைக் கொன்றான். கதை அங்கே நிற்கவில்லை. 634-இல் அதே கொனல், ஐத்தின் பிள்ளைகள் கொங்கல், ஐலில் இருவரையும் கொன்றான். இந்த ஐலிலுக்கு 'யாழ்காரன்' என்று பட்டப்பெயர். மறுவருடமே ஐத்தின் இன்னொரு மகன் தியர்மித் கொனலைக் கொன்று பழி தீர்த்தான். சுயிப்னேயும் கொனலும் யார்? கிளான் ஹொல்மானின் முன்னோர்கள். இரண்டு வம்சங்களுக்கும் இடையே இருந்த பகை முதல் தலைமுறையிலேயே ஆரம்பித்துவிட்டது.

இன்னொரு கோணமும் உண்டு. அடொம்னான் இதை எழுதும்போது ஃபின்ஷ்னெக்டாவைப் பங்காளிகள் கொன்று சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. நீல் கொலையும் அதையொட்டித்தான். இர்கலாக்கை அடொம்னானே சபித்தார் என்று பிற்காலக் கதை ஒன்று இருக்கிறது. 100 வருடத்துக்கு முந்தைய எச்சரிக்கையாக எழுதினாலும், அவர் பேசியது தன் காலத்துப் பிரேகா இளவரசர்களிடம் என்றே நான் படிக்கிறேன்.

பதிவு 9 · அல்லி

இதுவரை ஒரே ஆண்களின் பட்டியலாகப் போகிறது. ஐத் ஸ்லானே பிறந்த கதையை யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன்.

தியர்மித் மாக் கெர்விலின் அரசி முகைன். அவளுக்கு ஒரு சக்களத்தி, மைரென். மைரெனுக்குத் தலையில் முடி கிடையாது, பொன்முடி, அதாவது பொற்கிரீடம், அணிந்து மறைத்திருப்பாள். டெய்ல்டு திருவிழாவில் ஊரே கூடியிருக்கும்போது, ஒரு கோமாளிப் பெண்ணை ஏவி அந்தப் பொன்முடியைப் பிடுங்க வைத்தாள் முகைன். மைரென் கடவுளை அழைத்தாள். பொன்முடி கழலும் முன்பே தலை நிறையப் பொன்னிறக் கூந்தல் வழிந்து தோள் வரை இறங்கியது. இதற்கான பழி உனக்கு வரட்டும் என்றாள் மைரென். அன்றிலிருந்து முகைன் மலடியாகிவிட்டாள். துறவிகளிடம் போய் அழுதாள், நீரை மந்திரித்துக் கொடுத்தார்கள். முதலில் ஓர் ஆட்டுக்குட்டியைப் பெற்றாள். அப்புறம் ஒரு வெள்ளி மீன். மூன்றாவதாகத்தான் பிள்ளை பிறந்தது, அவனே ஐத் ஸ்லானே. 'டன் கௌ நூல்' என்ற பழைய சுவடியில் இந்தக் கதை இருக்கிறது.

எனக்கு இது வெறும் அதிசயக் கதையாகத் தெரியவில்லை. பல மனைவியர் இருக்கும் வீட்டில் பிள்ளை பெறாத அரசிக்கு என்ன கதி என்று பெண்கள் அறிந்திருந்த பயம் அதில் இருக்கிறது. இந்த வம்சத்தின் முதல் பங்காளிச் சண்டையே இரண்டு பெண்களுக்கு நடுவே, திருவிழாக் கூட்டத்தில் நடந்ததாகக் கதை சொல்கிறவர்கள் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு பெண்ணையும் மறக்க வேண்டாம். 944-இல் 216 வருடம் கழித்துத் தாராவின் அரசனான கொங்கலாக் யாருடைய மகன்? அப்பா நௌத்தைச் சேர்ந்த 'மேல் மிதிக்' என்பவன். அம்மா லீகாக், கிளான் ஹொல்மானின் பேரரசன் ஃபிளான் சின்னாவின் மகள். பூட்டிய கதவைத் திறந்தது அம்மா வழி உறவு என்று நான் சொல்வேன்.

பதிவு 10 · வடகாற்று

அல்லி அக்கா சொன்ன லீகாக் விஷயம் என் வாதத்துக்கும் பலம்தான். மிதேயின் உறவு இல்லாமல் அவன் வந்திருக்க முடியாது.

ஆனால் இன்னும் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது: வைகிங்குகள், வடக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த கடற்கொள்ளையர். 841-இல் டப்ளினில் கப்பல் தளம் போட்டார்கள். லகோரிலிருந்து குதிரையில் ஒரே நாளில் போய்விடலாம். மிதேக்கும் வடக்குக்கும் இந்தத் தொல்லை தூரத்தில் இருந்தது, பிரேகாவுக்கு வாசலில். அதனால் பிரேகா அரசனுக்கு இரண்டே வழி, அவர்களோடு சேர் அல்லது அவர்களிடம் அடி வாங்கு.

850-இல் கினைத் சேர்ந்தான். அவர்கள் துணையோடுதான் அப்போது தாராவின் அரசனாக இருந்த 'மேல் செக்னல்' என்பவனை எதிர்த்துக் கிளம்பி, ஷானன் ஆறு முதல் கடல் வரை சூறையாடினான். விளைவு? மறுவருடம் அந்த மேல் செக்னலும் லகோரின் திகெர்னாக்கும் சேர்ந்து அவனைக் குட்டையில் மூழ்கடித்துக் கொன்றார்கள். பெரியவர்கள் எல்லோரும், ஆர்மா திருச்சபைத் தலைவர் உட்பட, அவன் உயிருக்குப் பிணை நின்றிருந்தும்! அண்ணன் தம்பி முறையில் அடுத்து வந்த ஃபிளான் மாக் கொனைங் அடி வாங்கினான். 863-இல் அம்லைப், இவர், ஔஷ்லே என்ற மூன்று வைகிங் தலைவர்கள் நௌத், அதன் அருகே உள்ள டௌத் ஆகிய மேடுகளின் குகைகளுக்குள் புகுந்து தேடினார்கள். முன்னெப்போதும் நடக்காதது என்று குறிப்பெழுதியவர் அதிர்ந்துபோய் எழுதுகிறார். கூட வந்தவன் மிதேயின் அரசர்களில் ஒருவன். பிறகு அதே ஃபிளான் டப்ளின் வைகிங்குகளோடு கூட்டு சேர்ந்து 868-இல் வடக்கத்தி அரசன் ஐத் ஃபின்லியாத்தோடு மோதிச் செத்தான்.

935-ஐப் பாருங்கள். டப்ளினின் வேறொரு அம்லைப் லகோர் தீவை அழித்தான், அதே வாரத்தில் நௌத் குகையைக் கொள்ளையடித்தான். ஒரே வாரத்தில் இரண்டு வீடும்! இடத்தின் கோளாறு என்று இதைத்தான் சொல்கிறேன்.

பதிவு 11 · மழைக்காலம்

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். ஒரு சந்தேகம். பட்டம் போனது 728-இல். வைகிங்குகள் டப்ளினில் உட்கார்ந்தது 841-இல். காரணம் எப்படி விளைவுக்கு 113 வருடம் பின்னால் வரும்? வைகிங்குகளால் இவர்கள் மீள முடியாமல் போயிற்று என்று சொல்லலாம், இழந்ததற்குக் காரணம் அதுவாக இருக்க முடியாதே?

பதிவு 12 · வடகாற்று

சரியாகப் பிடித்தீர்கள். வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மீள முடியாததற்குத்தான் அது காரணம்.

பதிவு 13 · கல்தூண்

664-இல் வந்த கொள்ளைநோயையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். மறுவருடம் தாராவை இணைந்து ஆண்ட ஐத் ஸ்லானேயின் பிள்ளைகள் தியர்மித், பிளாத்மாக் இருவரையும் அது கொண்டுபோயிற்று. தியர்மித் யார் தெரியுமா, 649-இல் கார்ன் கொனல் போரில் மேற்கத்தி அரசன் குவைரேயை வென்றவன். பிற்காலக் கதை ஒன்று சொல்கிறது: மக்கள்தொகை கூடிவிட்டது, நிலம் போதவில்லை, ஏழைகள் குறையட்டும் என்று பெரியவர்கள் உண்ணாநோன்பு இருந்து வேண்டினார்களாம். நோய் வந்தது, வேண்டியவர்களையே கொண்டுபோயிற்று. யாரோ ஒரு சாதாரண மனிதன் கோபத்தில் சொல்லி வைத்த கதை என்றே எனக்குப் படுகிறது.

ஆற்றுமணல், உங்கள் கேள்விக்கும் இதில் பங்கு இருக்கிறது. இரண்டு சகோதரர்கள் சண்டையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆண்ட ஒரே காலம் அது. அவர்கள் ஒரே நேரத்தில் செத்ததும், வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் உரிமையாளர்கள் ஆகிவிட்டார்கள். நீங்கள் சொன்ன 675 கொலை பத்தே வருடத்தில் வந்தது.

பதிவு 14 · ஆற்றுமணல்

கல்தூண், இது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

எல்லாவற்றையும் கேட்ட பிறகு நான் நிற்கும் இடம் இது. 665-இல் ஒற்றுமையாக இருந்த தலைமுறை நோயில் போயிற்று. அடுத்த 60 வருடம் பிள்ளைகளும் பேரன்களும் வெட்டிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் வடக்கும் மிதேயும் கைகோத்துவிட்டன. வடகாற்று சொன்ன ஏற்பாடு உண்மை, ஆனால் அவர்கள் நுழைய இடம் விட்டது நௌத்தும் லகோரும்தான். 728-இல் கினைத்தைக் கொன்று வந்த ஃப்ளைத்பெர்டாக் வடக்கத்திக்காரன். லகோர் கிளையின் தலைவனைக் கினைத்தே நாலு வருடம் முன்பு கொன்றுவிட்டிருந்தான். அப்படிப்பட்ட கினைத்துக்காகப் பழி வாங்க லகோரில் இருந்து யார் வருவார்கள்?

ஒரு விஷயத்தில் மட்டும் மனம் மாறவில்லை. கொங்கலாக்கை வெறும் அம்மா வழி அதிர்ஷ்டம் என்று விட மாட்டேன். 944-இல் அவன் டப்ளினையே தாக்கிச் சூறையாடியவன். 12 வருடம் ஆண்டான். 956-இல் தெற்கே லெய்ன்ஸ்டர் நாட்டுப் பக்கம் போனபோது டப்ளின்காரர்களும் லெய்ன்ஸ்டர்காரர்களும் வழிமறித்துக் கொன்றார்கள். அவனைப் பிற்காலத்தார் 'நௌத்தின் கொங்கலாக்' என்றே அழைத்தார்கள், தாராவின் கொங்கலாக் என்று இல்லை. வீட்டின் பெயர்தான் கடைசி வரை கூட வந்தது.

பதிவு 15 · அல்லி

12 வருடம் ஆண்டது அவன் திறமை, ஒப்புக்கொள்கிறேன். வாசல் திறந்தது லீகாக். இரண்டையும் வைத்துக்கொள்வோமே.

பதிவு 16 · டப்ளின்வாசி

வீட்டின் பெயர் என்றதும் ஞாபகம் வந்தது, முன்பு சொல்ல விட்டுவிட்டேன். நௌத் மேட்டுக்குள்ளே இரண்டு பழைய கல்லறைப் பாதைகள் இருக்கின்றன, கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. பொதுமக்களை உள்ளே விடுவதில்லை, கிழக்குப் பக்கம் ஓர் அறையிலிருந்து எட்டிப் பார்க்கலாம். உள்ளே கற்களில் இந்தக் காலத்து ஆட்கள் தங்கள் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். சில ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்து முறையின் கோடுகளில், சில அன்றைய மடங்களில் எழுதிய அதே எழுத்து வடிவில். ஆண்டுக்குறிப்புகளில் இருக்கும் அரசர்களின் கையெழுத்து என்று சொல்ல முடியாது. கோட்டையில் இருந்த யாரோ விளக்கை எடுத்துக்கொண்டு அந்த இருட்டுப் பாதையில் குனிந்து நுழைந்து, கூரான எதையோ வைத்துக் கீறியிருக்கிறார்கள். பக்கத்திலேயே 3,000 வருடத்துக்கு மேல் பழமையான சுழிகள்.

அடுத்த மாதம் மறுபடி போகிறேன். மேட்டின் உச்சியிலிருந்து லகோர் திசையைப் பார்த்து ஒரு படம் எடுத்து இங்கே போடுகிறேன்.